சி கம்பைலரோடு மல்லுக்கட்டு: மண்டபம் மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்லாப், ஆக்டேவ், மேத்தமேட்டிகா மாதிரிக் கணிதக் கணக்குப் போடும் மென்பொருளில் எழுதிய நிரல் ஆமை வேகத்தில் ஓடுகிறது. ஒரு பகுதியை சி மொழிக்கு மாற்றினால் வேகம் கூடும் என்று யாரோ சொல்கிறார்கள். மாற்றப் போனால் கம்பைலரே (எழுதிய நிரலைக் கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கிடைக்கவில்லை என்று எரர். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல், கரண்ட் இருந்தால். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் கூட்டம் இன்னும் கொஞ்சம் கூடும். லீவு நாளில் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்களும் அப்போது வருவார்கள்.

அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

அண்ணே, கணக்கு மெதுவாக ஓடுகிறது. சி-க்கு மாற்றத்தான் வேண்டுமா?

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டாம். பாம்பன் ஏற்றவற்றத்தை முன்கணிக்கும் ப்ராஜெக்டோடு ஒரு பெண் வந்தார். ஏற்றவற்றம் என்பது பல அலைக் கூறுகளின் கூட்டுத்தொகை. நிலவால் வரும் எம்2 கூறு 12.42 மணி நேரத்துக்கு ஒரு முறை, சூரியனால் வரும் எஸ்2 சரியாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, கே1 என்றால் 23.93 மணி, ஓ1 என்றால் 25.82 மணி, இப்படிப் போகும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வீச்சு, ஒரு கட்டக் கோணம், ஒரு கொசைன். அவர் 37 கூறுகளை எடுத்து, ஓர் ஆண்டின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கிட்டார். 5,25,600 நிமிடம், 37 கூறு; பெருக்கினால் 1,94,47,200 கொசைன். ஆக்டேவில் லூப்புக்குள் லூப்பாக எழுதியிருந்தார். ஓடவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருந்தது.

சி பக்கமே போகவில்லை. எல்லா நிமிடங்களையும் ஒரே வரிசையாக வைத்து, ஒரு கூறுக்கு ஒரே வரியில் அந்த வரிசை முழுவதற்கும் கொசைன் எடுக்கும்படி மாற்றினோம். மிச்சம் 37 முறை சுற்றும் ஒரே ஒரு லூப். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆக்டேவின் கொசைன் உள்ளே ஏற்கனவே கம்பைல் ஆன நிரல்தான். அதை இரண்டு கோடித் தடவை தனித்தனியாகக் கூப்பிட்ட செலவுதான் நேரத்தைத் தின்றது. மேட்லாபிலும் பைத்தானின் கணிதத் தொகுப்பான நம்பையிலும் இதே கதை.

சி உண்மையிலேயே வேண்டியிருக்கும் கணக்கு வேறு மாதிரி. பாக் விரிகுடாவில் 100 கிலோமீட்டர் சதுரத்தை 200 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 500 × 500, அதாவது 2.5 லட்சம் கட்டம். ஆழம் குறைந்த கடலில் நீள அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலம். 10 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 9.9 மீட்டர். அப்படியானால் நேர அடி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) சுமார் 14 வினாடிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு வெடித்துவிடும். 10 வினாடி என்று வைத்து 10,000 அடி போனால் 28 மணி நேரக் கடல் கிடைக்கும். மொத்தம் 250 கோடி கட்டப் புதுப்பிப்பு. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியை நம்பி நிற்கிறது. போதாக்குறைக்கு நிலமா கடலா, நனைந்ததா காய்ந்ததா என்று கட்டத்துக்குக் கட்டம் ‘இஃப்’ வேறு. இதற்கு சி சரியான மருந்து.

எது உங்கள் நிலை என்று ஊகிக்காதீர்கள். பெரும்பாலான மென்பொருளில் ப்ரொஃபைலர் உண்டு. எந்த வரி நேரம் தின்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கம்பைலர் போட்டாச்சு. ஆனால் மென்பொருள் ‘சி கம்பைலர் இல்லை’ என்றே சொல்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். மேட்லாப், மேத்தமேட்டிகா எல்லாவற்றையும் மூடிவிட்டு, கம்பைலரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். எஞ்சினை வல்லத்தில் ஏற்றுவதற்கு முன் கரையிலேயே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள் இல்லையா, அதே காரணம்தான். நேரே மென்பொருளுக்குள் போய் மோதினால் தப்பு கம்பைலரிலா, மென்பொருளிலா, இரண்டுக்கும் நடுவிலா என்று தெரியாது.

அலை.சி என்று ஒரு சின்ன ஃபைல். அதில் ஒரு எண்ணைக் கேட்டு வாங்கி அதன் கொசைனை அச்சிடும் ஐந்தாறு வரி போதும். டெர்மினலைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குப் போய், இலவச சி கம்பைலரான ஜிசிசி-யை இப்படிக் கூப்பிடுங்கள்: ஜிசிசி -ஓ2 அலை.சி -ஓ அலை -எல்எம். இதில் ஓ2-இல் வரும் ஓ பெரிய எழுத்து, அது வேகத்துக்கு. இரண்டாவதாகத் தனியாக வரும் ஓ சின்ன எழுத்து, அது வெளிவரும் ஃபைலின் பெயருக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டு அரை மணி நேரம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்; அதில் நானும் ஒருவன்.

‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று வந்தால் பாத் பிரச்சினை. கம்பைலர் டிஸ்கில் இருக்கிறது, தேடும் பட்டியலில் இல்லை. விண்டோஸில் சூழல் மாறிகளுக்குள் போய், பாத் என்ற வரிசையில் கம்பைலரின் ‘பின்’ (ஆங்கிலத்தில் பி, ஐ, என்) ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஏற்கனவே திறந்திருந்த டெர்மினலில் எத்தனை தடவை தட்டினாலும் வராது, அது பழைய பாத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மூடித் திறங்கள். மென்பொருளையும் மூடித் திறங்கள். நம்ப மாட்டீர்கள், வருகிற கேஸில் பல இத்தோடு முடிந்துவிடும்.

கட்டளை ஓடுகிறது, ஆனால் மென்பொருள் ஏற்க மறுக்கிறது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிசிசி இருக்கலாம். வேறு ஏதோ மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த பழையது முன்னால் நிற்கும். விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘வேர் ஜிசிசி’, லினக்ஸில் ‘விச் -ஏ ஜிசிசி’ என்று தட்டினால் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். முதல் வரிதான் ஓடுகிறது.

இரண்டாவது, 32 பிட், 64 பிட் குழப்பம். மென்பொருள் 64 பிட் என்றால் அதற்குள் ஏற்றப்படும் நூலகமும் 64 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். ‘ஜிசிசி -டம்ப்மெஷின்’ என்று தட்டிப் பாருங்கள். எக்ஸ்86_64 என்று தொடங்கினால் 64 பிட். ஐ686 என்று தொடங்கினாலோ வெறும் மிங்ஜிடபிள்யூ32 என்று மட்டும் வந்தாலோ 32 பிட். இங்கே ஒரு கண்கட்டு உண்டு: 64 பிட் கம்பைலரும் தன் பெயரின் கடைசியில் மிங்ஜிடபிள்யூ32 என்றே போட்டுக்கொள்ளும். வாலைப் பார்த்துவிட்டு நல்ல கம்பைலரை அழித்துவிடாதீர்கள். தலையைப் பாருங்கள்.

கல்லூரி லேபில் டர்போ சி இருக்கிறது. அதையே காட்டினால் போதாதா?

போதாது. அது 1990களின் தொடக்கத்து டாஸ் காலச் சரக்கு. 16 பிட் நிரலைத்தான் உருவாக்கும். அதில் ஒரு ‘இன்ட்’ 32,767-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். இன்றைய விண்டோஸில் அதை ஓட்டுவதற்கே டாஸ் போலப் பாசாங்கு செய்யும் இன்னொரு மென்பொருள் வேண்டும். பரீட்சைக்கு அது, வேலைக்கு இது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோ இறக்கச் சொல்கிறது. என் டேட்டா பேக் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. என்ன செய்வது?

முதலில் அது உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள். விண்டோஸில் மேட்லாப், ஆக்டேவ், புள்ளியியல் மொழியான ஆர் மூன்றுக்கும் மிங்ஜிடபிள்யூ, அதாவது விண்டோஸில் ஓடும் வகை ஜிசிசி போதும், அது அளவில் சின்னது. பைத்தானுக்குத்தான் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கேட்கும். அப்போதும் முழு விஷுவல் ஸ்டுடியோ வேண்டாம். பில்ட் டூல்ஸ் என்று தனியாகக் கிடைக்கிறது. அதில் ‘சி++ டெஸ்க்டாப் டெவலப்மென்ட்’ என்ற பிரிவை மட்டும் டிக் செய்தால் போதும். இதுவும் சில ஜிபி வரும்.

நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒரு தடவை ‘லேஅவுட்’ என்ற தேர்வோடு இறக்கினால் மொத்த இன்ஸ்டாலரும் ஒரு ஃபோல்டராக வந்துவிடும். அதைப் பென்டிரைவில் எடுத்துவந்து எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நெட் இல்லாமலே போடலாம். மாடியில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், 16 ஜிபி பென்டிரைவாகக் கொண்டுவாருங்கள்.

இன்ஸ்டால் பாதியில் கரண்ட் போனால் மேலேயே மறுபடி ஓட்டாமல், நீக்கிவிட்டு முதலிலிருந்து போடுங்கள். அரைகுறையாக நிற்கும் கம்பைலர், இல்லாத கம்பைலரைவிடத் தொல்லை.

மேட்லாபில் மெக்ஸ் (சி நிரலை மேட்லாபுக்குள் ஓடும்படி கம்பைல் செய்யும்) கட்டளை எந்தக் கம்பைலரும் இல்லை என்கிறது.

‘மெக்ஸ் -செட்டப் சி’ என்று மேட்லாப் திரையிலேயே தட்டுங்கள் (கடைசி சி பெரிய எழுத்து). சி++ கோப்பு என்றால் ‘மெக்ஸ் -செட்டப் சி++’ தனி. ஒன்றுக்குச் செய்தது மற்றதற்கு ஒட்டாது.

விண்டோஸில் ஆர்2015பி பதிப்பிலிருந்து மிங்ஜிடபிள்யூ-டபிள்யூ64-ஐ மேட்லாப் ஏற்கிறது. ஆட்-ஆன் வழியாகப் போட்டால் தானே கண்டுகொள்ளும். நீங்களே தனியாக இறக்கிப் போட்டால் எம்டபிள்யூ_மிங்ஜிடபிள்யூ64_லாக் என்ற சூழல் மாறி வேண்டும். பெயர் முழுதும் பெரிய எழுத்து, கடைசியில் வருவது எல், ஓ, சி என்ற மூன்றே எழுத்து. அதன் மதிப்பு கம்பைலரின் தாய் ஃபோல்டர், அதற்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டர் அல்ல. அந்தப் பாதையில் இடைவெளி வரக்கூடாது என்பதால் ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போடாதீர்கள். சி டிரைவின் வாசலிலேயே போடுங்கள்.

எல்லாம் சரியாகி ஒரு முறை கம்பைல் ஆன பிறகு, திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் ‘ஃபைலில் எழுத முடியவில்லை’ என்று வரும். பழைய மெக்ஸ் ஃபைலை மேட்லாப் இன்னும் கையில் பிடித்திருக்கிறது. ‘கிளியர் மெக்ஸ்’ என்று தட்டிவிட்டுச் செய்யுங்கள். வேறு எதற்கும் புரியாத எரர் வந்தால் ‘மெக்ஸ் -வி’ என்று போட்டால், பின்னால் எந்தக் கட்டளை எந்தப் பாதையில் ஓடுகிறது என்று அத்தனையையும் கொட்டும். நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், எரர் என்ற சொல் முதலில் வரும் வரியைத் தேடுங்கள்.

ஆக்டேவுக்கு?

விண்டோஸ் ஆக்டேவோடு ஜிசிசி கூடவே வருகிறது, ஒன்றும் தனியாகப் போட வேண்டாம். ‘எம்கேஆக்ட்ஃபைல் --மெக்ஸ் அலை.சி’ போதும், அந்த ஃபைலில் மெக்ஸ்ஃபங்ஷன் எழுதியிருந்தால். உபுன்டுவில் மட்டும் ஆக்டேவ்-டெவ் என்ற தொகுப்பைச் சேர்க்க வேண்டும், பழைய பதிப்புகளில் அதன் பெயர் லிப்ஆக்டேவ்-டெவ். உரிமக் காசு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதைத்தான்.

மேத்தமேட்டிகாவில் கம்பைல் செய்யச் சொன்னால் ‘நூலகம் உருவாக்க முடியவில்லை’ என்று எச்சரிக்கை வருகிறது. ஆனால் விடை வந்துவிடுகிறது. விட்டுவிடலாமா?

விட்டால் மெதுவாகத்தான் ஓடும். கம்பைல் கட்டளையில் இலக்கு சி என்று 8-ஆம் பதிப்பிலிருந்து (2010) கொடுக்கலாம். கம்பைலர் கிடைக்காவிட்டால் அது அந்த எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டுத் தன் சொந்த மெய்நிகர் எந்திரத்துக்குத் திரும்பிவிடும். விடை சரியாக இருக்கும், நீங்கள் எதிர்பார்த்த வேகம் மட்டும் இருக்காது.

‘சிகம்பைலர்டிரைவர்’ தொகுப்பை ஏற்றிவிட்டு ‘சிகம்பைலர்ஸ்[]’ என்று ஓட்டுங்கள். காலிப் பட்டியல் வந்தால் அதற்கு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். மேத்தமேட்டிகா பழையது, விஷுவல் ஸ்டுடியோ புதியது என்றால் இப்படி நடக்கும். பிறகு பிறந்த பிள்ளையை அதற்கு அடையாளம் தெரியாது. அப்போது பொதுக் கம்பைலர் என்ற வகையில் பெயரையும் பாதையையும் கையால் கொடுக்கலாம். நூலகம் உருவாக்கும் கட்டளையில் ‘ஷெல்அவுட்புட்ஃபங்ஷன்’ என்ற தேர்வுக்கு ‘பிரின்ட்’ என்று கொடுத்தால் கம்பைலர் முணுமுணுப்பதெல்லாம் திரையில் வரும்.

கம்பைலர் கிடைத்தும் வேகம் இல்லையா? ‘கம்பைல்பிரின்ட்’ போட்டுப் பாருங்கள். ‘மெயின்இவேல்யுவேட்’ என்ற சொல் தென்பட்டால், உங்கள் நிரல் நடுநடுவே சி-யை விட்டு வெளியேறி மேத்தமேட்டிகாவின் கதவைத் தட்டுகிறது. அந்த வரியில் இருக்கும் செயல்பாட்டைக் கம்பைல் ஆகக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பின் ‘ஃபங்ஷன்கம்பைல்’ கூடவே வரும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாகப் போவதால் அதற்கு வெளிக் கம்பைலரே தேவையில்லை.

பைத்தானில் ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது ‘விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்று சிவப்பு சிவப்பாக வருகிறது.

உடனே பில்ட் டூல்ஸ் இறக்க ஓடாதீர்கள். பெரும்பாலான கணிதத் தொகுப்புகள் ஏற்கனவே கம்பைல் செய்யப்பட்டு ‘வீல்’ என்ற வடிவில் கிடைக்கின்றன. உங்கள் பைத்தான் பதிப்புக்கு வீல் இல்லாவிட்டால்தான் பைத்தான் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யும் பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். போன மாதம் வந்த புத்தம்புதுப் பைத்தானைப் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. ஒரு பதிப்பு பின்னால் போனால் சிவப்பே வராது.

பைத்தான் மாதிரி எழுதியதை சி-க்கு மாற்றும் சைத்தானில் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் கம்பைலர் வேண்டியதுதான். லினக்ஸில் ‘பைத்தான்.ஹெச் இல்லை’ என்று வந்தால் பைத்தான்3-டெவ் தொகுப்பைச் சேருங்கள். ‘சைத்தான் -ஏ’ என்று ஓட்டினால் ஒரு வலைப்பக்கம் உருவாகும். எந்த வரி இன்னும் பைத்தானைக் கூப்பிடுகிறதோ அது மஞ்சளாக இருக்கும், மஞ்சள் அடர்ந்த இடத்தில் உங்கள் நேரம் போகிறது. லூப்புகள் எளிமையானவை என்றால், பைத்தான் நிரலை ஓடும்போதே கம்பைல் செய்யும் நம்பா இன்னும் சுலபம், அதுவும் எல்எல்விஎம்மைக் கூடவே கொண்டுவருகிறது. முதல் அழைப்பில் கம்பைல் நேரமும் சேரும் என்பதால் இரண்டாவது ஓட்டத்தை அளந்து பாருங்கள்.

ஆர்?

ஆர்டூல்ஸ் போடுங்கள், பதிப்பு ஒத்துப்போக வேண்டும்: ஆர் 4.4-க்கு ஆர்டூல்ஸ்44, ஆர் 4.5-க்கு ஆர்டூல்ஸ்45. அவ்வளவுதான்.

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த மேக்கில் நேற்றுவரை ஓடியது. சிஸ்டம் அப்டேட் செய்ததும் நின்றுவிட்டது.

‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’ என்று டெர்மினலில் தட்டுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கட்டளைவரிக் கருவிகள் காணாமல் போவது மேக்கில் வழக்கம். அப்புறம், மேக்கில் ஜிசிசி என்று தட்டினாலும் ஓடுவது ஆப்பிள் தரும் கிளாங் கம்பைலர்தான். இணை ஓட்டத்துக்கான ஓபன்எம்பி அதில் நேரடியாக வேலை செய்யாது, லிப்ஓஎம்பி-யைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

‘கொசைன் எங்கே என்று தெரியவில்லை’ என்கிற மாதிரி ஒரு எரர். மேத் ஹெட்டரைச் சேர்த்திருக்கிறேனே?

ஹெட்டர் என்பது வெறும் அறிமுகம். செயல்பாடு இருப்பது கணித நூலகத்தில். லினக்ஸில் -எல்எம் சேர்க்க வேண்டும், அதுவும் ஃபைல் பெயருக்குப் பின்னால். முன்னால் போட்டால் இணைப்பான் அப்போதைக்குத் தேவையில்லை என்று தாண்டிப் போய்விடும்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கம்பைல் ஆகவில்லை.

உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் என்ன? தமிழ் மேல் உள்ள பாசத்தில் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தார் ஒரு தம்பி. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் தற்காலிக ஃபைல்கள் போகும் டெம்ப் ஃபோல்டரும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கும், சில கம்பைலர்களுக்கு அந்தப் பாதை விளங்காது. பெயரை மாற்ற வேண்டாம். சி டிரைவின் வாசலில் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, டெம்ப், டிஎம்பி என்ற இரண்டு சூழல் மாறிகளையும் அங்கே திருப்பிவிடுங்கள். வேலை செய்யும் ஃபோல்டரின் பெயரிலும் இடைவெளி, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, ஆன்டிவைரஸ். சற்றுமுன் பிறந்த, கையொப்பம் இல்லாத நிரலைப் பார்த்தால் சில ஆன்டிவைரஸ்கள் அமுக்கிவிடும். கம்பைல் ஆனது என்று வரும், ஃபைலைத் தேடினால் இருக்காது. வேலை ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், மொத்தமாக அணைக்காதீர்கள்.

கம்பைல் ஆகிவிட்டது, ஓடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை.

ஜிசிசி-யை நேரடியாகக் கூப்பிடும்போது ஓ2 கொடுக்காவிட்டால் அது எந்த மேம்படுத்தலும் செய்யாது. முதலில் அது. ஜிசிசி 12-இலிருந்து (2022) ஓ2-விலேயே ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வேலையும் ஓரளவு சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தையது என்றால் ஓ3 போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அணியை எந்தத் திசையில் நடக்கிறீர்கள் என்பது. மேட்லாப், ஆக்டேவ், ஆர் மூன்றும் அணியை நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தில் அடுக்கும். சி-யில் படித்தவர்கள் பழக்கதோஷத்தில் கிடைவரிசையாக நடப்பார்கள். மேலே சொன்ன 500 × 500 கடலில் தப்பான திசையில் ஒரு அடி வைத்தால் நினைவகத்தில் 4,000 பைட் தாண்டுகிறீர்கள். செயலி ஒரு தடவை எடுத்துவருவது பெரும்பாலும் 64 பைட், அதாவது எட்டு டபுள் எண்கள். எட்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு மீதி ஏழைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். இரண்டு லூப்பின் வரிசையை மாற்றியதிலேயே முகம் மலர்ந்து போனவர்கள் உண்டு.

மூன்றாவது நம்ம ஊர் வெயில். மே மாதம் மாடியில் ஒரே நிரலை மூன்று தடவை ஓட்டினால் மூன்றாவது தடவை மெதுவாகும். செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. உப்புக்காற்றில் ஃபேனும் தகடுகளும் பிசுபிசுத்துக் கிடந்தால் இன்னும் மோசம். ஃபேனைத் துடையுங்கள், ஐந்து தடவை ஓட்டி அதில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் வந்துவிட்டது, ஆனால் விடை மாறிவிட்டது!

கடைசி ஓரிரு தசம இடங்கள் மாறுவது இயல்பு. கூட்டும் வரிசை மாறினால் மிதவைப் புள்ளி எண்கள் கொஞ்சம் மாறும். அதற்கு மேல் மாறினால் ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இது நானே மாட்டிக்கொண்டது. என் கடல் கணக்கில் நிலக் கட்டங்களை ‘நான்’ என்ற எண்ணல்லாத மதிப்பால் குறித்து வைத்திருந்தேன். ராமேஸ்வரம் தீவு, மண்டபம் முனை எல்லாம் ‘நான்’. லூப்புக்குள் ‘இஸ்நான்’ என்று கேட்டு, ஆமாம் என்றால் தாண்டிப் போகும். வேகத்துக்கு ஆசைப்பட்டு ஃபாஸ்ட்-மேத் சேர்த்தேன். நிரல் பறந்தது. படத்தைப் போட்டால் தீவின் ஓரத்திலிருந்து வெள்ளை கிளம்பி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டமாகக் கடலுக்குள் பரவி, தொண்டி வரைக்கும் தின்றுவிட்டது. அந்தத் தேர்வு கம்பைலரிடம் சொல்வது ‘நான், முடிவிலி இரண்டும் இந்த நிரலில் வரவே வராது’ என்று. அது அந்த வாக்கை நம்பி, இஸ்நான் கேள்விக்கு எப்போதும் ‘இல்லை’ என்று பதில் எழுதிவிட்டது. நிலத்தையும் கடலாகக் கணக்கிட்டது, ஒரு ‘நான்’ பக்கத்துக் கட்டத்தைத் தொட்டால் அதுவும் ‘நான்’.

இப்போது நிலம் ஒன்று, கடல் பூஜ்ஜியம் என்று முழு எண்ணில் தனி முகமூடி அணி வைத்திருக்கிறேன். ஃபாஸ்ட்-மேத் பக்கம் போவதில்லை. சின்னப் பிழைகளைச் சேர்த்துவைத்துத் திருத்தும் கஹான் கூட்டல் முறையையும் அது ‘வீண் வேலை’ என்று நீக்கிவிடும்.

லினக்ஸில் சரியாக ஓடுகிற அதே ஃபைல், விண்டோஸில் எண்ணிக்கையை மைனஸில் காட்டுகிறது. சில சமயம் அப்படியே விழுந்துவிடுகிறது.

மைனஸுக்குக் காரணம் ‘லாங்’. 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட்தான். 32 பிட்டில் அதிகபட்சம் 2,14,74,83,647. நம் 250 கோடி அதில் கொள்ளாது. சுற்றி வந்து -1,79,49,67,296 என்று நிற்கும். ‘லாங் லாங்’ என்று எழுதுங்கள், இரண்டிலும் 64 பிட்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாக், செயல்பாட்டுக்குள் அறிவிக்கும் மாறிகளுக்கு ஒதுக்கப்படும் சின்ன நினைவிடம். 500 × 500 டபுள் அணி ஒன்று 20 லட்சம் பைட். பழையது, புதியது என்று இரண்டை ஒரு செயல்பாட்டுக்குள் நேராக அறிவித்தால் 40 லட்சம். லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக், அதனால் தப்பிக்கும். விண்டோஸில் ஓரிரு எம்பிதான். ‘மேலாக்’ வழியாக இடம் வாங்குங்கள். மெக்ஸ் ஃபைலுக்குள் இது நடந்தால் மேட்லாபையே சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், சேமிக்காத வேலையும் போகும்.

லேபில் கம்பைல் செய்து பென்டிரைவில் கொண்டுவந்தேன். வீட்டு லேப்டாப்பில் ‘தவறான கட்டளை’ என்று நிற்கிறது.

‘-மார்ச்=நேட்டிவ்’ போட்டிருப்பீர்கள். லேப் கணினியின் செயலிக்கென்றே தைத்த சட்டை அது. அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் செலரான், பென்டியம் வகைச் சில்லு இருந்தால், அவற்றில் பலவற்றுக்குப் பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் தெரியாது. எந்தக் கணினியில் ஓடுமோ அங்கேயே கம்பைல் செய்யுங்கள்.

‘மேக்’ கட்டளையை ஓட்டினால் ‘கடிகாரம் சரியில்லை’ என்று ஏதோ சொல்கிறது. திருத்தியது எதுவும் சேரவும் இல்லை.

பழைய டெஸ்க்டாப், கரண்ட் போய் வந்த பிறகு, சரிதானே? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கும். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மேக் கட்டளை (ஆப்பிள் மேக் கணினி அல்ல, திருத்திய ஃபைல்களை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் கருவி) எந்த ஃபைல் புதியது என்று நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நேற்று கம்பைல் ஆன ஃபைல் எதிர்காலத்தில் இருப்பதாகத் தெரிந்தால், இன்று திருத்தியதைப் பழசு என்று ஒதுக்கிவிடும். தேதியைச் சரிசெய்து, உருவான ஃபைல்களை அழித்துவிட்டு முழுதாக மறுபடி கம்பைல் செய்யுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. எதை அனுப்பினால் சொல்வீர்கள்?

திரையை ஃபோனில் சாய்வாகப் படம் பிடித்து, கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள். கடைசி வரி எப்போதும் ‘தோல்வி’ என்றுதான் சொல்லும். காரணம் முதல் எரரில் இருக்கும், மற்றதெல்லாம் அதன் வால். முழுவதையும் எழுத்தாக நகலெடுத்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் தட்டிய கட்டளை, டம்ப்மெஷின் சொன்ன வரி, மென்பொருளின் பதிப்பு. அலை.சி தனியாக ஓடியதா இல்லையா என்பதையும் எழுதுங்கள், முதலில் அதைத்தான் கேட்பேன்.